ஐந்து சொட்டு மருந்தும் ஒரு ஷிப்ட் கூலியும்

திருப்பூரைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம், எழுதியிருக்கிறோம். சுமங்கலித் திட்டம், கைமடிக்குப் போன சிறுவர்கள், நொய்யலில் ஓடிய சாயம், விடுதிகளில் அடைபட்ட பெண்கள் என்று பட்டியல் நீளம். ஆனால் பனியன் கம்பெனிக்குப் போகும் ஒரு தாயின் ஆறு வாரக் குழந்தைக்கு ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து போட்டாயிற்றா என்று நம் கூட்டங்களில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. இதை எழுதப்போகிறேன் என்றதும் சட்டக்கல்லூரி மாணவர் ஒருவர், "அண்ணா, இது சுகாதாரத்துறை விளம்பரம் மாதிரி ஆயிடாதா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். இரட்டைக் குவளை பற்றியும் ஆணவக் கொலை பற்றியும் எழுதுகிற இடத்தில் வயிற்றுப்போக்குக்கு என்ன வேலை என்று உங்களுக்கும் தோன்றலாம். படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

முதலில் அந்த வைரஸ். 1973இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில், ரூத் பிஷப்பும் அவருடன் வேலை செய்தவர்களும் வயிற்றுப்போக்கில் கிடந்த குழந்தைகளின் குடல் திசுவை மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது கண்ணில் பட்டது இது. சக்கரம் போன்ற வடிவம். லத்தீனில் ரோட்டா என்றால் சக்கரம். நோய்ப்பட்ட குழந்தையின் மலத்தில் கோடிக்கணக்கில் வெளியேறும். அடுத்த குழந்தைக்குத் தொற்ற அதில் சில துகள்கள் போதும். கை, தரை, விளையாட்டுச் சாமான், தண்ணீர்க் குடம் எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டு நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். உள்ளே போன இரண்டாவது நாள் வாந்தி, காய்ச்சல், பிறகு தண்ணீராகப் பேதி. சிறுகுடலின் உட்சுவரைச் சிதைத்துவிடுவதால் குடித்த தண்ணீர் உடம்பில் தங்குவதில்லை. ஆறு ஏழு கிலோ எடையுள்ள உடம்பிலிருந்து நீரும் உப்பும் போய்விட்டால் உச்சிக்குழி குழிவிழும், கண் உள்ளே போகும், அழுதால் கண்ணீர் வராது. வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. போன தண்ணீரைத் திரும்ப ஊற்றிக்கொண்டே இருப்பதுதான் வைத்தியம்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். தடுப்பு மருந்து வருவதற்கு முன் அமெரிக்காவில் பிறந்த குழந்தைகளையும் இது விட்டுவைக்கவில்லை. குழாயைத் திறந்தால் குடிநீர் வரும் வீட்டிலும், பளிங்குத் தரை போட்ட வீட்டிலும், ஐந்து வயதுக்குள் அநேகமாக எல்லாக் குழந்தைக்கும் ஒருமுறையாவது வந்துபோகும். அங்கே ஆண்டுக்கு ஐம்பத்தைந்தாயிரத்திலிருந்து எழுபதாயிரம் குழந்தைகள் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். இறந்தவர்கள் இருபதிலிருந்து அறுபது பேர். அதே காலத்தில் இந்தியாவின் கணக்கு என்ன? ஆண்டுக்குச் சுமார் 8 லட்சத்து 70 ஆயிரம் குழந்தைகள் மருத்துவமனையில், சுமார் 78,000 சாவு. 2014இல் வெளிவந்த மதிப்பீடு இது. தொற்றுவதில் பாகுபாடு பார்க்காத வைரஸ். சாவில் மட்டும் எங்கிருந்து இவ்வளவு வித்தியாசம் வந்தது? பேதி தொடங்கியதிலிருந்து நரம்பில் ஊசி ஏறும் வரை எத்தனை மணி நேரம் ஆனது, அந்தக் குழந்தை ஏற்கெனவே எத்தனை கிலோ இருந்தது, தூக்கிக்கொண்டு ஓடக் கையில் பணமும் ஆளும் இருந்ததா, இவைதான் முடிவு செய்தன. இந்த நாட்டில் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு எப்போது எடுத்தாலும் பட்டியல் சாதி, பழங்குடிக் குழந்தைகளின் சாவு விகிதம் மற்றவர்களைவிடக் கூடுதலாகவே வருவதற்குக் காரணம் தேட வேறெங்கும் போக வேண்டியதில்லை.

வேலூருக்கு வருவோம். தமிழ்நாட்டு இளைஞர்கள் அவசியம் தெரிந்துவைத்திருக்க வேண்டிய ஆய்வு ஒன்று அங்கே நடந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ககன்தீப் காங் குழுவினர், 2002 முதல், நகரின் குடிசைப் பகுதிகளில் பிறந்த குழந்தைகளைப் பிறந்த நாளிலிருந்து பின்தொடர்ந்தார்கள். கூலி வேலைக்குப் போகிறவர்களும் பீடி சுற்றுகிறவர்களும் வாழும் தெருக்கள். 373 குழந்தைகளை மூன்று வயது வரை விடாமல் பார்த்தார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு குழந்தையின் மலத்தையும் எடுத்துச் சோதித்தார்கள். மூன்று வருடம்! அந்தத் தாய்மார்களின் பொறுமையை நினைத்துப் பாருங்கள்.

இதற்கு முன்பு மெக்சிகோவில் இப்படி ஓர் ஆய்வு நடந்திருந்தது. அங்கே இரண்டு முறை ரோட்டா தொற்றிய குழந்தைக்கு மூன்றாம் முறை கடுமையான பேதி வரவே இல்லை. உடம்பு கற்றுக்கொண்டுவிட்டது. வேலூரில் மூன்று முறை தொற்றிய பிறகும் பாதுகாப்பு 79 சதவீதம்தான். நம் குழந்தைகளுக்குச் சீக்கிரமே தொற்றுகிறது, திரும்பத் திரும்பத் தொற்றுகிறது, அப்படியும் முழுப் பாதுகாப்பு கிடைப்பதில்லை. 2011இல் இந்த முடிவு வெளியானது. இந்தியாவில் தடுப்பு மருந்து எந்த அளவு வேலை செய்யும் என்பதற்கு அப்போதே அடையாளம் தெரிந்துவிட்டது.

மருந்தின் கதை இன்னும் சுவாரசியமானது. 1980களின் நடுவில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் பிறந்த சிசுக்களின் மலத்தில் ரோட்டா வைரஸ் இருந்தது. ஆனால் குழந்தைகளுக்கு நோய் எதுவும் இல்லை. மருத்துவர் எம்.கே. பான் அதைப் பிரித்தெடுத்தார். 116ஈ என்று பெயர். நோய் தராமல் பாதுகாப்பு மட்டும் தரும் வைரஸ் தானாகவே கிடைத்தது. அரசு ஆய்வகம், அரசுப் பணம், வெளிநாட்டு அறக்கட்டளைப் பணம் எல்லாம் சேர்ந்து இருபத்தைந்து வருடம் உழைத்த பிறகு, பாரத் பயோடெக் நிறுவனம் அதை 'ரோட்டாவாக்' என்ற பெயரில் தயாரித்தது. 2011–12இல் டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் பரிசோதனை. முதல் வயதில் கடுமையான ரோட்டா பேதியை 56 சதவீதம் தடுத்தது. 2016இல் நான்கு மாநிலங்களில் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. தமிழ்நாட்டுக்கு வந்தது 2017 செப்டம்பரில்.

அதற்கு முன்பே பல வருடங்களாகத் தமிழ்நாட்டில் ரோட்டா மருந்து கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. தனியார் குழந்தை மருத்துவரிடம், வெளிநாட்டுக் கம்பெனித் தயாரிப்பு, ஒரு தவணைக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல். ஏற்றுமதி முதலாளி வீட்டுக் குழந்தைக்கு அது போடப்பட்டது. அவருக்குச் செக்கிங் செய்து பேக்கிங் போட்டுக் கொடுத்தவளின் குழந்தைக்கு இல்லை. இரண்டாவது குழந்தையின் அம்மாவுக்கு அப்படி ஒரு மருந்து இருப்பதே தெரியாது.

இங்கே நம் பக்கத்திலிருந்து வரும் ஒரு எதிர்ப்பையும் பேசிவிட வேண்டும். "தடுப்பூசி எல்லாம் கம்பெனிக்காரன் வியாபாரம், ஏழைக் குழந்தைகளை எலியாக்குகிறான்" என்று சொல்லும் தோழர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். முழுக்கத் தள்ளிவிட முடியாத பேச்சு. ரோட்டாவாக் பரிசோதனையில் மூன்றில் ஒரு பங்கு குழந்தைகளுக்கு மருந்தில்லாத வெற்றுச் சொட்டு கொடுத்தார்கள். வேறு ரோட்டா மருந்து சந்தையில் இருக்கும்போது இது அறமா என்று கேள்வி எழுந்தது. அமெரிக்காவில் 1998இல் வந்த முதல் ரோட்டா மருந்து, சில குழந்தைகளுக்குக் குடல் ஒன்றுக்குள் ஒன்று சொருகிக்கொள்ளும் ஆபத்தை உண்டாக்குகிறது என்று தெரிந்து 1999இலேயே திரும்பப் பெறப்பட்டது. சுமார் பத்தாயிரத்தில் ஒரு குழந்தைக்கு அந்த ஆபத்து. இந்திய மருந்தில் இது எப்படி, வேலூர் மையத்தின் விவரத்தைத் தனியாகத் தாருங்கள் என்று இங்கே பொதுநல மருத்துவர்களும் செயல்பாட்டாளர்களும் கேட்டார்கள். விஷயம் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது. கேட்டது சரி. கேட்கத்தான் வேண்டும். எந்தத் தெருவில் பரிசோதனை நடத்தினார்களோ அந்தத் தெருவுக்கு முழு விவரத்தையும் சொல்லும் கடன் அவர்களுக்கு உண்டு.

ஆனால் கேட்டவர்கள் பதிலையும் படிக்க வேண்டும். மருந்து பல மாநிலங்களில் பொதுத் திட்டத்தில் போடப்பட்ட பிறகு, குடல் சொருகலுடன் வந்த குழந்தைகளைப் பல மருத்துவமனைகளில் கணக்கெடுத்தார்கள். தடுப்பு மருந்துக்கும் அதற்கும் தொடர்பு தெரியவில்லை என்று 2020இல் முடிவு வெளியானது. அதன் பிறகும் பழைய சந்தேகத்தையே வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டால் அதனால் யாருக்கு நட்டம்? பணக்காரன் வீட்டுக் குழந்தைக்கு எப்படியும் மருந்து போய்விடும். நம் பேச்சைக் கேட்டு மருந்து போடாமல் விடுகிறவள் நம் தெருவில் இருக்கிறாள். அமெரிக்காவில் மருந்தைத் திரும்பப் பெற்ற 1999க்கும் அடுத்த மருந்து வந்த 2006க்கும் இடையில் ஏழு வருடம். தங்கள் குழந்தைக்குப் பத்தாயிரத்தில் ஓர் ஆபத்து வேண்டாம் என்று அவர்கள் முடிவு செய்தது அவர்களுக்குச் சரியாக இருந்திருக்கலாம். அந்த ஏழு வருடமும் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் லட்சக்கணக்கில் செத்துக்கொண்டிருந்தார்கள்.

கம்பெனி வியாபாரத்தைப் பேசுவதென்றால் அதற்கு வேறு சரியான இடம் இருக்கிறது. குன்னூர் பாஸ்டர் நிறுவனமும் கிண்டி பி.சி.ஜி. ஆய்வகமும் அரசுத் தடுப்பூசி ஆலைகள். 2008 ஜனவரியில் அவற்றின் உற்பத்தி உரிமத்தை ஒன்றிய அரசு நிறுத்தியது. 2010இல் திரும்பக் கொடுத்தார்கள் என்றாலும் நடுவில் இடம் தனியாருக்குப் போனது போனதுதான். செங்கல்பட்டில் பல நூறு கோடி செலவில் கட்டிய தடுப்பூசி வளாகம் கோவிட் காலத்தில்கூட ஒரு குப்பி மருந்து தராமல் கிடந்தது. எய்ம்ஸில் ஏழைச் சிசுவின் மலத்தில் கிடைத்த வைரஸை வைத்து அரசுப் பணத்தில் கண்டுபிடித்த மருந்தை அரசு ஆலையில் ஏன் செய்யவில்லை என்று கேளுங்கள். ஊர்வலம் போவதென்றால் நானும் வருகிறேன். மருந்து வேண்டாம் என்று சொல்ல மட்டும் என்னைக் கூப்பிடாதீர்கள்.

சரி, 56 சதவீதம். பொதுத் திட்டத்தில் போட்ட பிறகு ஒன்பது மாநில மருத்துவமனைகளில் பார்த்த ஆய்விலும் 54 சதவீதம் வந்தது. பணக்கார நாடுகளில் ரோட்டா மருந்துகள் 85, 90 சதவீதம் தடுக்கின்றன. இங்கே ஏன் பாதி? பெரிய பெரிய நிறுவனங்களின் மருந்தும் ஏழை நாட்டில் இப்படித்தான் வேலை செய்கிறது, எனவே மருந்தின் தரம் காரணமில்லை. குடல்தான் காரணம். பிறந்ததிலிருந்து அசுத்தத் தண்ணீரும் கிருமியும் திரும்பத் திரும்ப உள்ளே போகும் குழந்தையின் குடல் எப்போதும் லேசாகப் புண்பட்டே இருக்கிறது. ஊட்டம் குறைந்த உடம்பு. வாய்வழி மருந்து போய் நோயெதிர்ப்பைக் கிளப்ப வேண்டிய இடத்தில் ஏற்கெனவே கலவரம் நடந்துகொண்டிருக்கிறது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி, கூடவே கொடுக்கும் போலியோ சொட்டு என்று வேறு சில காரணங்களையும் மருத்துவர்கள் சொல்கிறார்கள். எப்படியானாலும், ஒரே மருந்து சுத்தமான தெருவில் அதிகம் வேலை செய்கிறது, சேரியில் குறைவாக வேலை செய்கிறது.

இங்கேதான் திருப்பூரின் தண்ணீர் வருகிறது. நொய்யல் ஆற்றையும் நிலத்தடி நீரையும் சாயப்பட்டறைகள் உப்பாக்கி முடித்த பிறகு, ஊருக்குத் தண்ணீர் வேண்டும் என்று தனியார் பங்களிப்புடன் ஒரு பெரிய திட்டம் வந்தது. பவானி அருகே காவிரியிலிருந்து எடுத்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் குழாய் போட்டு நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம். இந்தியாவில் இப்படித் தனியாருடன் செய்த முதல் பெரிய குடிநீர்த் திட்டங்களில் ஒன்று என்று உலக வங்கிக்காரர்கள்வரை புகழ்ந்தார்கள். அதில் பாதிக்கும் மேலான தண்ணீர் யாருக்கென்று வகுக்கப்பட்டது? சாய, வெளுப்பு ஆலைகளுக்கு. பனியன் துணி நனைய நல்ல தண்ணீர், லைன் வீட்டில் பிளாஸ்டிக் குடங்கள் வரிசை. சாயக்கழிவு நிற்கவில்லை என்று 2011 ஜனவரி 28இல் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது உங்களுக்குத் தெரியும். அப்போது ஏற்றுமதி எவ்வளவு குறையும், எத்தனை பேருக்கு வேலை போகும் என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். பத்து வீட்டுக்கு ஒரு கக்கூஸ், நல்ல தண்ணீர் வந்தால் பிடித்துவைத்து நாலைந்து நாள் புழங்குவது, குடத்துக்குள் கையை விட்டு முகந்து குடிப்பது, இவை அன்றும் செய்தியில்லை, இன்றும் செய்தியில்லை.

லைன் வீடு என்றதும் வாடகைக்குக் கிடைத்தால்தானே என்று சிலர் சொல்வது காதில் விழுகிறது. ஆமாம். "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் இங்கே வீடு கொடுக்கிறார்கள். கிடைக்காதவர்கள் பள்ளத்தில், ஓடைக்கரையில், சாக்கடை முடிகிற இடத்தில் போய் ஒண்டுகிறார்கள். எந்தத் தெருவில் கிருமி அதிகம் என்பதை வீட்டுக்காரரின் அந்த ஒரு கேள்வி பாதி முடிவு செய்துவிடுகிறது.

வேங்கைவயலை இங்கே சொல்லாமல் போக முடியாது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்தின் அந்தச் சேரியில் குழந்தைகளுக்கு அடுத்தடுத்து வாந்தி, பேதி, காய்ச்சல். தண்ணீரைப் பாருங்கள் என்று மருத்துவமனையில் சொன்ன பிறகுதான் மேல்நிலைத் தொட்டிக்குள் ஏறிப் பார்த்தார்கள். மலம் கிடந்தது. அந்த வழக்கு பிறகு போன போக்கும், பாதிக்கப்பட்ட தெருவைச் சேர்ந்த மூவர் மீதே 2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகை போட்டதும் நமக்குத் தெரியும். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இங்கே நான் சொல்ல வந்தது, அந்தக் கொடுமையை முதலில் காட்டிக்கொடுத்தது குழந்தைகளின் வயிறு. தலித் குழந்தைகளின் வயிற்றுப்போக்கை யாராவது ஒழுங்காக எண்ணிக்கொண்டிருந்தால் இன்னும் எத்தனை தொட்டிகள் தெரிய வருமோ.

மலம் வாய்க்குப் போவதால் வரும் நோயை நம் ஊரில் எப்படி விளக்குகிறார்கள் பாருங்கள். "சீர் தட்டிருச்சு", "தீட்டுக்காரி நெழல் பட்டுருச்சு", "தொக்கம் எடுக்கோணும்". பேதி வந்த குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்காதே, பால் கொடுக்காதே என்று வாயைக் கட்டுகிறார்கள். போகிற தண்ணீரைத் திரும்ப ஊற்ற வேண்டிய நேரத்தில் குழந்தை காய்ந்து சாகிறது. யார் தொட்டார்கள், யார் நிழல் விழுந்தது என்று தேடுகிற புத்தி, கையில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பதில்லை. 2018இல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில், அருந்ததியர் பெண் சத்துணவு சமைக்கக்கூடாது என்று சாதி இந்துக்கள் திரண்டு நின்றதும் இதே புத்திதான். அவர் கை பட்டால் குழந்தைகளுக்கு ஆகாதாம். ஊர் முழுக்க மலம் அள்ளவும் சாக்கடையில் இறங்கவும் அதே சமூகத்தின் கை வேண்டும். தொக்கம் எடுப்பதும் மந்திரிப்பதும் நம் வீடுகளிலும்தான் நடக்கிறது. அதை நம் பாட்டி, அத்தையிடம் நாமேதான் பேசி மாற்ற வேண்டும்.

"அப்படியானால் முதலில் தண்ணீரும் கழிப்பறையும் கேட்போம், அது வந்தால் மருந்து தேவையில்லையே?" என்று அடுத்த கேள்வி வரும். அமெரிக்கக் கணக்கை மேலே சொன்னது இதற்காகத்தான். தண்ணீர் சுத்தமான நாட்டிலும் ரோட்டா எல்லாக் குழந்தைக்கும் வந்தது. நல்ல தண்ணீர் காலராவை நிறுத்தும், டைபாய்டைக் குறைக்கும். ரோட்டாவைத் தனியாக நிறுத்தாது. மாறாக, மருந்து போட்டாயிற்றே என்று தண்ணீரைத் தள்ளிப்போடவும் விடக்கூடாது. மருந்து மற்ற பேதிகளில் ஒன்றைக்கூடத் தடுக்காது, ரோட்டாவிலும் பாதியைத்தான் தடுக்கிறது. ஆனால் அந்தப் பாதியைக் குறைத்து மதிக்காதீர்கள். சாவு ஆயிரத்தில் இருக்கும் இடத்தில் 54 சதவீதம் காப்பாற்றும் உயிர்கள், சாவு பத்தில் இருக்கும் இடத்தில் 90 சதவீதம் காப்பாற்றுவதைவிடப் பல மடங்கு. காவிரித் தண்ணீர் சேரிக்கு ஒழுங்காக வர எத்தனை தேர்தல் ஆகுமோ. ஆறாவது வாரம் இந்த மாதமே வந்துவிடும்.

இனி திருப்பூரின் உண்மையான சிக்கலுக்கு வருகிறேன். மருந்து இலவசம். ஊசிகூட இல்லை, வாயில் விடும் சொட்டு. ரோட்டாவாக் என்றால் ஐந்தே சொட்டு. ஆறாவது, பத்தாவது, பதினாலாவது வாரம். தமிழ்நாட்டில் துணை சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் தடுப்பூசி நாள் என்றால் பெரும்பாலும் புதன்கிழமை. பனியன் கம்பெனிக்கு விடுமுறை ஞாயிற்றுக்கிழமை. இந்த இரண்டு கிழமைக்கும் நடுவில்தான் நம் குழந்தைகள் தவறுகிறார்கள்.

இங்கே நாளைக்கூட நாள் என்று சொல்வதில்லை, ஷிப்ட் என்கிறார்கள். ஒரு ஷிப்ட், ஒன்றரை ஷிப்ட், வேலை நெருக்கினால் இரண்டு ஷிப்ட். சனிக்கிழமை கணக்குப் பார்த்து வாரச் சம்பளம். பிசிர் வெட்டுகிறவள், கைமடிக்கிறவள், செக்கிங் பார்க்கிறவள் காலையில் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தால் சூப்பர்வைசர் வீட்டுக்கே போகச் சொல்லிவிடுவார். "புதங்கெழம லீவு போட்டா மிசினுக்கு வேற ஆள உக்கார வெச்சுருவாங்கண்ணா" என்று ஓவர்லாக் ஓட்டும் தங்கை ஒருத்தி சொன்னாள். அவளுக்கு அந்த இலவச மருந்தின் விலை ஒரு ஷிப்ட் கூலி. மூன்று தவணைக்கு மூன்று ஷிப்ட்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. இ.எஸ்.ஐ. உள்ளவளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் பேறுகால விடுப்பு. ஒழுங்காகக் கிடைத்தால் மூன்று தவணையும் அதற்குள்ளேயே முடிந்துவிடும், பதினாலு வாரம்தானே. ஆனால் இ.எஸ்.ஐ. யாருக்கு? பெரிய ஏற்றுமதிக் கம்பெனியின் பதிவேட்டில் பேர் உள்ளவர்களுக்கு. வேலையில் பெரும்பகுதி பவர் டேபிள்களுக்கும் காண்ட்ராக்ட்காரர்களுக்கும் போகிறது. எட்டு மிசின் போட்ட பவர் டேபிளில் பேரும் கிடையாது, பதிவேடும் கிடையாது. வயிறு தெரிய ஆரம்பித்ததும் நின்றுவிட வேண்டியது, பிள்ளை பிறந்து இரண்டு மாதத்தில் மறுபடி வந்து வேலை கேட்க வேண்டியது. ஐம்பது பேர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்பதும் சட்டம். எட்டு மிசினுக்கு அது பொருந்தாது. வெளிநாட்டு வாங்குபவர் சார்பில் ஆடிட்டுக்கு வருகிறவர்கள் தீயணைப்புக் கருவியை எண்ணுவார்கள், கழிப்பறைக் கதவைத் திறந்து பார்ப்பார்கள். பவர் டேபிள் இருக்கும் சந்துக்குள் அவர்கள் கார் நுழையாது. ஆறு வாரத்தில் தாய் வேலைக்குப் போவதால் தாய்ப்பாலும் குறைகிறது, புட்டிப்பால் வருகிறது, புட்டியோடு கிருமியும் வருகிறது.

இன்னொரு ஓட்டையும் உண்டு. திருப்பூரில் பாதிப்பேர் திருப்பூர்க்காரர்கள் இல்லை. திண்டுக்கல், தேனி, மதுரை, விருதுநகர் சேரிகளிலிருந்து வந்தவள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போகிறாள். முதல் தவணை அங்கே போடுகிறார்கள். மூன்றாம் மாதம் கைக்குழந்தையோடு திருப்பூருக்குத் திரும்புகிறாள். அந்த ஊர் செவிலியர் பதிவில் 'குடும்பம் ஊரில் இல்லை'. இந்த ஊர் செவிலியர் பதிவில் அந்தக் குழந்தையே இல்லை. இரண்டாம், மூன்றாம் தவணை ரயிலில் தொலைந்துபோகிறது. பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பத்துக்கு இதோடு மொழியும் சேர்ந்துகொள்கிறது. தடுப்பூசியை எந்த ஊரிலும் போட்டுக்கொள்ளலாம், 'யூ–வின்' தளத்தில் பதிவு தொடரும் என்று அரசு சொல்கிறது. நல்லது. ஆனால் அந்தச் சந்துக்குள் யார் போய்ச் சொல்வது?

தமிழ்நாட்டில் பத்தில் ஒன்பது குழந்தைக்கு முழுத் தடுப்பூசி போட்டாயிற்று என்று 2019–21 குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. பெருமைப்பட வேண்டியதுதான், வடமாநிலங்களோடு ஒப்பிட்டால் கிராம சுகாதார செவிலியர்களின் கால்கள் நடந்த தூரம் அது. ஆனால் அந்த 'முழு' என்ற சொல்லில் காசநோய், முத்தடுப்பு, போலியோ, தட்டம்மை மட்டுமே சேரும். ரோட்டா அந்தக் கணக்கில் இல்லை. விட்டுப்போன அந்தப் பத்தாவது குழந்தை யார், எந்தத் தெரு என்று சராசரி சொல்லாது. குஜராத், ராஜஸ்தானில் சங்கமித்ரா ஆச்சார்யா நடத்திய ஆய்வில், தலித் குழந்தையைத் தொடாமல் மருந்து கொடுப்பது, அவர்கள் வீட்டுக்குள் நுழையாமல் வாசலோடு திரும்புவது எல்லாம் பதிவாகியிருக்கிறது. இங்கே அப்படியில்லை என்று சொல்லும் அதிகாரிகள் தெருவாரியான கணக்கைக் காட்டிவிட்டுச் சொல்லட்டும்.

மாணவத் தோழர்களே, உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, அந்தத் தாய்மார்களுக்கும் அன்றுதான் விடுமுறை. அனுப்பர்பாளையம், வீரபாண்டி, மங்கலம், பெருமாநல்லூர் பக்கத்து லைன் வீடுகளுக்கு இரண்டு இரண்டு பேராகப் போங்கள், பெண் தோழர் ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். தாய் சேய் நல அட்டையைக் கேளுங்கள். அதில் ரோட்டா என்று மூன்று கட்டம் இருக்கும்; தேதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். தவணை தப்பிவிட்டது, இனிப் போட மாட்டார்கள் என்று நினைத்துப் பல தாய்மார்கள் பயந்து போகாமலே இருக்கிறார்கள். அரசுத் திட்டத்தில் குழந்தைக்கு ஒரு வயது முடிவதற்குள் முதல் தவணையைத் தொடங்கலாம். தொடங்கியவர்கள் நான்கு வார இடைவெளியில் மிச்சத்தை முடிக்கலாம். முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. இதை மட்டும் சொன்னாலே பாதிப்பேர் போய்விடுவார்கள்.

கையில் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நாலைந்து எடுத்துப் போங்கள். 1971இல் வங்கதேச அகதிகள் வந்து குவிந்த பன்கான் முகாமில் காலராவில் செத்துக்கொண்டிருந்தவர்களுக்கு, நரம்பில் ஏற்றும் மருந்து தீர்ந்துபோனதும் திலீப் மகலனபிஸ் டிரம்மில் கரைத்துக் கொடுத்தது இந்தக் கரைசல்தான். முப்பது சதவீதத்துக்குப் பக்கத்தில் இருந்த சாவு நான்குக்குக் கீழே இறங்கியது. பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. வாந்தி எடுத்தாலும் பத்து நிமிடம் விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. துத்தநாக மாத்திரை பதினாலு நாள், அரசு மருத்துவமனையில் இலவசம். வைரஸ் பேதிக்கு ஆன்டிபயாடிக் எதுவும் செய்யாது. முதல் நாளே அதை எழுதிப் பணம் வாங்கும் கிளினிக்குகளைப் பற்றி எச்சரியுங்கள். குழந்தை துவண்டு கிடந்தால், ஆறு மணி நேரமாக மூத்திரம் போகவில்லை என்றால், மலத்தில் ரத்தம் வந்தால் எதையும் காய்ச்சிக்கொண்டிருக்காமல் அரசு மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

இது நாம் செய்யக்கூடியது. அரசும் முதலாளிகளும் செய்ய வேண்டியதை நாம் செய்து முடித்துவிட முடியாது. பனியன் கம்பெனிப் பகுதிகளில் மாதம் இரண்டு ஞாயிறாவது தடுப்பூசி முகாம் வேண்டும். தடுப்பூசி அட்டையைக் காட்டினால் அந்த அரைநாளுக்குக் கூலி பிடிக்கக்கூடாது என்று சம்பள ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். திருப்பூரில் சங்கங்களுக்கும் முதலாளிகளுக்கும் சில வருடத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம் போடுகிறார்களே, அதில் பஞ்சப்படி, பயணப்படி பேசுகிறவர்கள் இதையும் பேசலாம். சங்கத் தலைமையில் பெண்கள் இல்லாததால் இது யாருக்கும் தோன்றவில்லை என்பது என் எண்ணம், கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

அடுத்து, மாநகராட்சிக்கும் மாவட்ட சுகாதார அலுவலகத்துக்கும் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் வாரியாக, கடந்த மூன்று வருடத்தில் ரோட்டா முதல் தவணை பெற்ற குழந்தைகள் எத்தனை, மூன்றாம் தவணை பெற்றவர்கள் எத்தனை. செவிலியர் காலிப் பணியிடம் எத்தனை. புலம்பெயர்ந்தோர் குடியிருப்புகளின் பட்டியல் வைத்திருக்கிறார்களா, வைத்திருந்தால் அதில் அருந்ததியர் காலனிகளும் ஓடைக்கரைக் குடிசைகளும் இருக்கின்றனவா. முதல் தவணைக்கும் மூன்றாம் தவணைக்கும் நடுவில் எண்ணிக்கை எங்கே அதிகம் குறைகிறதோ அந்தப் பகுதிக்கு அடுத்த ஞாயிறு போங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். மாவட்ட மொத்தக் கணக்கை மட்டும் கொடுத்துக் கையைக் கழுவினால், மேல்முறையீடு செய்ய இன்னொரு முப்பது நாள் இருக்கிறது. மனு எழுதத் தெரியாதவர்கள் எனக்கு எழுதுங்கள், உட்கார்ந்து எழுதுவோம்.